வல்லமையும் அழகும் ஒருசேர விளங்க ஆராதனையை ஆயத்தம் செய்வது எப்படி?

கிறிஸ்தவ சபையில் ஆராதனை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது பாட்டுப் புத்தகத்தைத்தான். அதைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றைய வேதபகுதியை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். உரத்த ஓசைதான் தேவனுடைய வல்லமை, மேடை அலங்காரம்தான் அவருடைய அழகு என்னும் எண்ணம் நம்மையறியாமலே நமக்குள் புகுந்துவிடுகிறது. வேதமோ வேறு விதமாகக் காட்டுகிறது. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டார் என்று கேள்விப்பட்ட யோவான், பார்க்கும்போது காண்பது அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டியை. சிங்கமும் ஆட்டுக்குட்டியும் சிலுவையில் மரித்த இயேசுவே. அந்த ஆட்டுக்குட்டிக்கே பரலோகம் முழுவதும் பாடுகிறது. எனவே சிலுவையைத் தொடாமல் வெற்றியை மட்டும் பாடித் தீர்க்கும் நிகழ்ச்சிநிரல் எவ்வளவு எழுச்சியாக இருந்தாலும் குறையுள்ளதே.

தொடக்க வாசிப்புக்கு வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து 29-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். பதினொரே வசனங்கள், அவற்றுள் 3 முதல் 9 வரை "கர்த்தருடைய சத்தம்" என்னும் தொடர் ஏழு முறை இடிபோல வருகிறது. நான் முதன்முறை இதைச் சபையில் வாசித்தபோது, முதல் வசனத்திலேயே குரலை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, கேதுரு மரங்கள் முறிகிற இடத்துக்கு வந்தபோது ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் திணறினேன். தாழ்ந்த குரலில் தொடங்கி, தண்ணீர்கள், மரங்கள், வனாந்தரம் என்று புயல் நகர்வதைப் பின்தொடர்ந்து வாசியுங்கள். 9-ஆம் வசனத்தின் முடிவில் ஆலயத்தில் யாவரும் அவருடைய மகிமையைச் சொல்லுகிறார்கள். அங்கே மூச்சு வாங்கும் அளவுக்கு நிறுத்துங்கள். கடைசி வசனம் பெலனையும் சமாதானத்தையும் சேர்த்தே வாக்களிக்கிறது. அதை ஏறக்குறைய பேசும் குரலில் சொல்லி முடித்தால், புயலுக்கு மேலே வீற்றிருப்பவர் யார் என்பது விளக்கமின்றியே விளங்கும். இதற்கு வாசிப்பவர் முந்தின நாளிலேயே நாலைந்து முறை வாய்விட்டு வாசித்துப் பழகியிருக்க வேண்டும். ஆராதனை தொடங்கியபின் வாசிக்க ஆள் தேடும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

இப்போது பாடல்களுக்கு வரலாம். நம் உணர்வுகளை மட்டுமே விவரிக்கும் பாடல்களைக் குறைத்து, தேவன் செய்தவற்றைச் சொல்லும் பாடல்களை முன்னே வையுங்கள். 136-ஆம் சங்கீதத்தில் சிருஷ்டிப்பும் செங்கடல் பிளந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. அதன் 26 வசனங்களும் அவருடைய கிருபை என்றுமுள்ளது என்றே முடிகின்றன. நடத்துபவர் முற்பகுதியைச் சொல்ல, சபை பிற்பகுதியைச் சொல்லட்டும். வல்லமையின் செயல் ஒருவர் வாயிலும் அதன் உள்ளிருக்கும் அன்பு எல்லார் வாயிலுமாக மாறி மாறி ஒலிக்கும். சுருதியைப் பாடகரின் திறமைக்கு ஏற்றபடி வைக்காமல், பயிற்சியில்லாதவரும் எட்டக்கூடிய அளவில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாதபடி இசைக்கருவிகள் முழங்கினால், ஒலி அமைப்பைக் கவனிப்பவரிடம் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள்.

மௌனத்துக்கும் நிகழ்ச்சிநிரலில் இடம் குறியுங்கள். ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. பிறகு கேட்டது அமர்ந்த மெல்லிய சத்தம். வாசிப்புக்குப் பின் ஒரு நிமிடம் அமைதியாயிருப்போம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்த ஒரு நிமிடத்தையும் முழுமையாகக் கொடுங்கள். பின்னணியில் கீபோர்டு வேண்டாம். ஏசாயா புத்தகத்தின் 6-ஆம் அதிகாரத்தில் பரிசுத்தராகிய தேவனைக் கண்ட ஏசாயா தீர்க்கதரிசி முதலில் சொன்னது "ஐயோ" என்பதே என்பதால், இந்த மௌனத்தை அடுத்துப் பாவ அறிக்கையும் மன்னிப்பின் வசனமும் வருவது இயல்பாகவே பொருந்தும்.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேல் என்னும் கைவினைஞரைத் தேவன் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31 சொல்வதால், கைவேலையை அற்பமாக எண்ணக் கூடாது. ஆனால் திரையில் ஓடும் பாடல் வரியில் எழுத்துப் பிழைகளை வைத்துக்கொண்டு பூக்களுக்கு அலைவதில் பொருளில்லை. இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து உண்டென்றால் அப்பமும் பாத்திரமும் எல்லார் கண்ணுக்கும் படும்படி, மேசைமேல் வேறெதுவும் இல்லாமல் வையுங்கள்.

கடைசியாக வாசலைக் கவனியுங்கள். பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவருக்குக் காலடியும் காட்டிய சபையை யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். பிந்தி வருகிறவர், குழந்தையோடு வருகிறவர், நடக்கச் சிரமப்படுகிறவர் ஆகியோருக்காக முன்வரிசையிலேயே சில இருக்கைகளை ஒதுக்கி, அவர்களை அழைத்துச் சென்று அமர்த்தும்படி வரவேற்பவர்களிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.