பாதி சீசனில் பேஸ்பால் அணியை எடைபோடுவது எப்படி?

வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் சீசனில் 162 ஆட்டங்கள். 81 முடிந்ததும் கணக்குப் பாருங்கள். அதற்கு முன் யாரையும் கைகழுவ வேண்டாம்: 2019இல் 19 வெற்றி, 31 தோல்வி என்று தடுமாறிய வாஷிங்டன் நேஷனல்ஸ்தான் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது.

எத்தனை வெற்றி வந்திருக்க வேண்டும் என்று பார்க்க, எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வருவதால் வகுத்து, 81ஆல் பெருக்குங்கள். 400 எடுத்து 360 கொடுத்த அணிக்குச் சுமார் 45 வெற்றி வரவேண்டும். 38தான் என்றால் ஒரு ரன் வித்தியாசத் தோல்விகளைப் புரட்டுங்கள். கடைசி இன்னிங்ஸ் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) சொதப்பியிருக்கலாம், வெறும் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

பேட்டரின் சராசரி, அதாவது ஹிட் (பந்தை அடித்துத் தளத்தைப் பத்திரமாக எட்டுவது) விகிதம், சரிந்ததா? முதலில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது) விகிதத்தைப் பாருங்கள். அது ஏறாமல், மைதானத்துக்குள் அடித்த பந்துகளில் ஹிட் விகிதம் மட்டும் .230க்கு இறங்கியிருந்தால் பொறுத்திருங்கள், லீக் சராசரி .300 அருகில்தான் இருக்கும். ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறியிருந்தால் உடனே பேட்டிங் வரிசையில் கீழே இறக்கலாம்.