பூட்லோடரைத் திறந்த பிறகு டிஆர்எம் கீயைத் தேடாதீர்கள்

ரூட் செய்த, அதாவது ஆண்ட்ராய்டின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த போனில் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாக ஓடுகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் ரூட்டைத்தான் திட்டுவார்கள். பல போன்களில் அது வீண்பழி. காரியம் கெட்டது அதற்கு முந்தைய படியில், போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறந்தபோது.

இதற்கு நல்ல உதாரணம் சோனியின் பழைய எக்ஸ்பீரியா போன்கள். அவற்றின் சேமிப்பகத்தில் டிஏ என்றொரு சின்ன பார்ட்டிஷன், அதாவது தனிப்பகுதி உண்டு. அளவு வெறும் 2 எம்பி, ஆனால் அந்தப் போனுக்கே உரிய டிஆர்எம் கீகள், அதாவது திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டுக்கான ரகசியச் சாவிகள் அதில்தான் இருந்தன. பூட்லோடரைத் திறந்தால் அவை அழிந்துவிடும். அழிந்தால் படம் பார்ப்பதில்தானே சிக்கல் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கேமராவின் சில பட அல்காரிதங்களும் அந்தக் கீகளை நம்பி இருந்தன. 2014இல் வந்த எக்ஸ்பீரியா இசட்3இல் பூட்லோடரைத் திறந்தவர்களுக்கு வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. மறுபடி பூட்டிப் பார்த்தார்கள், கீ திரும்பவில்லை. பூட்லோடர் திறக்கும் பக்கத்திலேயே சோனி எச்சரிக்கை போட்டிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

சரி, முன்கூட்டியே டிஏவை பேக்கப் எடுத்தால் ஆயிற்றே? எடுக்க ரூட் வேண்டும். ரூட்டுக்கு வழக்கமான வழி பூட்லோடரைத் திறப்பது. திறந்தால் பேக்கப் எடுக்க எதுவும் மிஞ்சாது. அதனால் திறக்காமலே தற்காலிக ரூட் தரும் ஓட்டைக்காகப் பலர் காத்திருந்தார்கள். 2016 அக்டோபரில் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் கெர்னல் ஓட்டை அவர்களுக்கு அப்படித்தான் கைகொடுத்தது. அதிலும் ஒரு தவறு நடந்தது. நண்பனின் போனில் எடுத்த டிஏ பேக்கப்பைத் தன் போனில் எழுதியவர்கள் போனையே இழந்தார்கள். ஒரே மாடல்தானே என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்றைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு வருவோம். படங்களைக் காப்பது பெரும்பாலும் வைட்வைன், 2010இல் கூகுள் வாங்கிய நிறுவனம். ஆலையிலேயே ஒவ்வொரு போனிலும் கீபாக்ஸ் என்ற சாவிப் பெட்டியை வைத்து அனுப்புகிறார்கள். வைட்வைனின் உயர்ந்த நிலையான எல்1 தகுதி உள்ள போனில் மறையவிழ்ப்பு, வீடியோவைக் கையாள்வது எல்லாமே பிராசசருக்குள் தனியாகப் பிரித்த பாதுகாப்புப் பகுதியில் நடக்கும். எல்3 என்றால் வெறும் சாஃப்ட்வேர், அதற்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி தராது.

ரூட் கிடைத்தால் அந்தக் கீபாக்ஸும் நம் கையில் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ரூட் என்பது ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு மட்டும் ராஜா. டிரஸ்ட்சோன் என்ற அந்தப் பாதுகாப்புப் பகுதி பக்கத்து நாடு. அங்கே தனிச் சட்டம், தனிக் குட்டி இயங்குதளம். ‘இதை அவிழ்த்துக் காட்டு’ என்று எல்லையில் நின்று கேட்கலாம், உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்க முடியாது. ஃபைல்களை நகலெடுத்தாலும் கிடைப்பது அந்தச் சிப்புக்கு மட்டுமே புரியும் மறைகுறிகள். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2012 திருத்தத்தில் வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பாதுகாப்பை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

அடுத்த தவறு, வேறு போன்களிலிருந்து கசிந்த கீபாக்ஸை டெலிகிராமில் வாங்குவது. கசிந்த கீ கண்ணில் பட்டதும் கூகுள் அதை ரத்து செய்துவிடும், நேற்று ஓடியது இன்று ஓடாது. அதைவிடப் பெரிய வினை, முகம் தெரியாத ஒருவர் அதோடு தந்த மாட்யூலுக்கு, அதாவது துணை நிரலுக்கு, ரூட் அனுமதி கொடுப்பது. அதே போனில்தான் உங்கள் வங்கி ஆப்பும் ஓடிபியும் இருக்கின்றன.

கஸ்டம் ராம், அதாவது கம்பெனி தராத வேறொரு ஆண்ட்ராய்டு பதிப்பு போடும் ஆர்வத்தில் கண்ட பார்ட்டிஷனையெல்லாம் துடைப்பது இன்னொரு தவறு. பல குவால்காம் போன்களில் பெர்சிஸ்ட் என்ற பார்ட்டிஷன் போனால் எல்1ம் போகலாம், சென்சார்களும் தடுமாறலாம். ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குப் போனதும் அதையும், ஐஎம்இஐ போன்ற நெட்வொர்க் விவரங்கள் உள்ள ஈஎஃப்எஸ்ஸையும் முதலில் பேக்கப் எடுத்து, போனுக்கு வெளியே வையுங்கள். இவை உங்கள் போனில் எடுத்து உங்கள் போனிலேயே திரும்பப் போடத்தான். அப்புறம், கஸ்டம் ராம் இருக்கும்போதே பூட்லோடரைப் பூட்டாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் போன் எழுந்திருக்காது.

போன கீயை சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஒரு ஃபைலாகத் தந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஒன்பிளஸ் 5, 5டி போன்கள் எல்3 ஆகத்தான் விற்பனைக்கு வந்தன. 2018இல் எல்1 தர அந்த நிறுவனம் முன்வந்தபோதுகூட அதை இணையம் வழியே அனுப்பவில்லை. வேண்டுமென்பவர்கள் போனையே பார்சல் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

எனவே திறக்குமுன் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் அமைப்புகளில் பிளேபேக் விவரத்தைப் பார்த்து, எல்1 என்றிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலில் ஏற்கெனவே திறந்தவர்களுக்கு அது நிலைத்ததா என்று தேடுங்கள். ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் இது மாறும். எல்3 என்று இப்போதே இருந்தால், இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் இழக்க ஒன்றுமில்லை.