கம்பளையைத் தங்கிப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கம்பளையைப் பஸ் யன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துவிடுகின்றனர். கண்டிக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மகாவலி கங்கையின் கரையில், மலைகளுக்கு நடுவே அமைந்த இந்நகரம் 14ஆம் நூற்றாண்டில் ஓர் அரசின் தலைநகராக விளங்கியது. இன்று சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் ஒரே கடைத்தெருவில் கலந்து வாழும் ஊராக இருக்கிறது. இதற்கு அரைநாள் போதாது. இரண்டு பகலையும் குறைந்தது ஓர் இரவையும் ஒதுக்குங்கள். மழை குறைந்த சனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை.

இயன்றவரை ரயிலில் வாருங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் மலையகப் பாதையில், பேராதனையைத் தாண்டிய சிறிது நேரத்தில் கம்பளை நிலையம் வரும். 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1874இல் நாவலப்பிட்டி வரை நீட்டப்பட்டது. அதற்குக் காரணமான கோப்பிக்கும் இவ்வூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் பெருந்தோட்ட முறையில் கோப்பி பயிரிடத் தொடங்கினார். அப்பயிர் மலைநாடெங்கும் பரவியபோது, தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காட்டுவழியே நடந்து இம்மலைகளுக்கு வந்தனர். பின்னர் இலைநோயால் கோப்பி அழிய, அவர்களது உழைப்பு தேயிலைக்கு மாறியது.

முதல் நாளை உடுநுவரப் பகுதியிலுள்ள மூன்று பழைய கோயில்களுக்குக் கொடுங்கள். கெலிஓயா வழியாக எம்பெக்கே சென்று, அங்கிருந்து லங்காதிலக, கடைசியில் கடலாதெனிய என்ற வரிசையில் போவது வசதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில கிலோமீட்டர் தூரமே. வயல்களையும் வீட்டுத் தோட்டங்களையும் ஒட்டி நடக்கலாம், இயலாதவர்கள் ஆட்டோவை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளலாம். எம்பெக்கே, மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கு எழுப்பப்பட்ட தேவாலயம். அதன் மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், அன்னங்கள், பாலூட்டும் தாய் எனச் செதுக்கப்பட்ட உருவங்களைத் தூண் தூணாக நின்று பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கூரையின் ஒரு முனையில் 26 சட்டங்கள் ஒரே மர ஆணியில் கூடுவதைக் காணலாம்.

லங்காதிலகவுக்குத்தான் நான் அதிக நேரம் கேட்பேன். நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344இல், பாறையின்மேல் கட்டப்பட்ட இக்கோயிலில் ஒருபுறம் புத்தர் அமர்ந்திருக்க, மறுபுறத்து அறைகளில் விபீடணன், பிள்ளையார், கந்தன் முதலிய தெய்வங்கள் வழிபடப்படுகின்றனர். அருகிலுள்ள பாறையில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகள் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. அரசாணையை இரு மொழிகளிலும் எழுதிவைக்கும் வழக்கம் இம்மலைநாட்டில் எவ்வளவு பழையது என்பதை அந்தப் பாறைக்கு முன் நின்று உணர்வது பெரும் அனுபவம். அதே ஆண்டில் எழுந்த கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி. அதன் கல்வேலையில் தென்னிந்தியக் கோயிலின் சாயலைத் தமிழ்ப் பயணி உடனே அடையாளம் காண்பார். மூன்று இடங்களிலும் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பதை இங்கு பெரும் அவமதிப்பாகக் கருதுவர். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் கூட்டம் மிகுந்திருக்கும். சிற்பங்களை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தெரிவதே நல்லது.

மாலையில் நகருக்குத் திரும்பி, கடைத்தெருவில் நடங்கள். முஸ்லிம் வணிகர்கள் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவர். ஆதலால் தமிழில் விலை கேட்கத் தயங்க வேண்டாம். ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு பிளேன்டீயும் இவ்வேளைக்குப் போதும். வட்டிலப்பம் கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளி நண்பகலில் ஜும்ஆ தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

இந்தத் தெருக்களின் வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் மேளத்துடன் பள்ளிவாசலைக் கடந்து செல்லலாமா என்று 1912இல் எழுந்த பிணக்கு வழக்காக மாறியது. மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகவும், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகவும் தீர்ப்பளித்தன. அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் வெடித்துப் பல ஊர்களுக்குப் பரவிய சிங்கள-முஸ்லிம் கலவரத்தின் பின்னணியில் இவ்வழக்கும் இருந்தது. இதை அறிந்துகொண்டு நடந்தால், தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்பாகக் குரலைத் தாழ்த்துவது ஏன் முக்கியம் என்பது தானே விளங்கும்.

இரண்டாம் நாள் அதிகாலையில் அம்புலுவாவ மலைக்குச் செல்லுங்கள். நகரிலிருந்து ஆட்டோ மேலேறும். உச்சியில் பௌத்த, இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ வழிபாட்டிடங்கள் ஒரே வளாகத்தில் உள்ளன; அவற்றைப் பார்க்காமல் வெள்ளைக் கோபுரத்துக்கு மட்டும் ஓடுவோரே அதிகம். கோபுரத்தைச் சுற்றி வெளிப்புறமாக ஏறும் படிகள் மேலே போகப் போக ஒருவர் மற்றொருவருக்கு வழிவிட முடியாத அளவுக்கு ஒடுங்குகின்றன. காற்றும் பலமாக வீசும். உயரத்தைக் கண்டு தலைசுற்றுவோரும் சிறுபிள்ளைகளுடன் வருவோரும் பாதியில் நின்றுவிடுங்கள். அங்கிருந்தே மலைத்தொடர்கள் நன்கு தெரியும். முற்பகல் கடந்தால் முகில் மூடிவிடக்கூடும்.

பிற்பகலில் ஆற்றங்கரை. மேலே மலைகளில் பெய்த மழையால் மகாவலியின் நீர்மட்டம் வெயில் நேரத்திலும் திடீரென உயரக்கூடும். ஊரார் குளிக்கும் இடத்தில், அவர்களிடம் கேட்ட பின்னரே இறங்குங்கள். தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வதாயின், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயன்களுக்குள் அழைப்பின்றி நுழையாதீர்கள்; கொழுந்து பறிக்கும் பெண்களை அனுமதி பெறாமல் படமெடுக்காதீர்கள். ஒரு நாளில் இவ்வளவு கொழுந்து பறிக்க வேண்டும் என்ற நிறை கணக்கு அவர்களுக்கு உண்டு. பேச்சுக்கொடுத்து வேலையைத் தடுத்தால் நாட்கூலியில் குறையக்கூடும். மாசி மாதத்தில் வருவோர் தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கிறதா என்று கடைத்தெருவிலேயே விசாரியுங்கள். இரவு முழுவதும் நீளும் ஆட்டமாதலால், இன்னோர் இரவுக்கும் அறை சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.