பெரிய வண்டிகளுக்கு நடுவே பார்வையில் படும்படி பைக் ஓட்டுவது எப்படி

என் அக்காவின் கணவர் பல ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் மறைமலை நகருக்கு அருகே சர்வீஸ் ரோட்டில் சரக்கு இறக்கக் காத்திருந்த நேரத்தில், என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார். நான் ஏறியதும் என் பைக்கை உருட்டிக்கொண்டுபோய் லாரியின் இடது முன்மூலையை ஒட்டி நிறுத்திவிட்டு, “மாப்பிள்ளை, உங்க வண்டி எங்க நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். முன்கண்ணாடி வழியே சாலை தெரிந்தது, பைக் தெரியவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் லாரியின் பின்சக்கரம் வரை தெரிந்தது, அதிலும் பைக் இல்லை. அவர் பைக்கின் அருகில் நின்றபடியே கையைத் தலைக்கு மேல் தூக்கியபோதுதான் விரல் நுனிகள் மட்டும் கண்ணாடியின் அடிவிளிம்பில் தட்டுப்பட்டன. சிக்னலில் பச்சை விளக்குக்காக நம்மில் பலர் போய் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது நிற்கும் இடத்தைப் பற்றி. பேருந்து அல்லது லாரியின் பக்கத்தில் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் ஓட்டுநரின் முகம் தெரிந்தால், அவர் கண்ணைத் திருப்பினால் உங்களைப் பார்க்க முடியும். முகம் தெரியாவிட்டால் அவரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை. முகம் தெரிந்துவிட்டதாலேயே அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பார்க்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். கடந்து போவதானால் முன்னால் இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, வலப்புறமாக, தயங்காமல் கடந்துவிடுங்கள். முன்னால் இடம் இல்லையென்றால் பின்னாலேயே இருங்கள். பாதி வழியில் அதன் வயிற்றுப் பக்கத்தில் சேர்ந்தே ஓடுவதுதான் இரண்டையும்விட ஆபத்தானது.

நீளமான வண்டி இடப்புறம் திரும்புவதற்கு முன் சற்று வலப்புறம் அகன்று போகும். அப்போது அதன் இடப்பக்கத்தில் ஒரு வழி திறந்ததைப் போலத் தோன்றும். உண்மையில் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் மூலையை ஒட்டிக் குறுக்கே வந்து அந்த இடத்தைத்தான் மூடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையின் அந்தப் பகுதியில் பேருந்துகள் சாலையிலிருந்து பிரிவதும் மீண்டும் வந்து சேர்வதும் நாள் முழுவதும் நடக்கின்றன. அங்கே இடப்பக்கமாக நுழைந்து முந்துவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது: 64,105. இவற்றில் எத்தனையோ விபத்துகளில் எதிர்த்தரப்பு ஓட்டுநர், “பைக் வந்ததையே பார்க்கல சார்” என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நமக்குக் கோபம் வரும். ஆனால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நேராக எதிரில் வரும் பைக், காரோடு ஒப்பிட்டால் மிக ஒடுங்கிய உருவம். காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்களில் ஒன்று அதை முழுவதுமாக மறைத்துவிடலாம். மறைக்காவிட்டாலும், சிறிய உருவம் நம்மை நோக்கி நேராக வரும்போது தொலைவில் அது வளர்வதே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அருகில் வந்த பிறகு சட்டென்று பெரிதாகிறது. அதனால் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டு, “இன்னும் நேரம் இருக்கிறது” என்று நினைத்து அவர் வண்டியைத் திருப்பிவிடுகிறார்.

சாலை நடுத்தடுப்பில் யூ-டர்ன் எடுக்கக் காத்திருக்கும் கார் கண்ணில் பட்டதுமே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்துங்கள். வலக்கையின் இரண்டு விரல்களை முன் பிரேக் லிவரின் மேல் வையுங்கள். பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, உங்கள் தடத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகருங்கள். நேர்க்கோட்டில் அசையாமல் நிற்பதைப் போலத் தெரிந்த உருவம் பக்கவாட்டில் நகர்ந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதைவிட அவருடைய வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கண்கள் உங்கள் பக்கம் இருந்தும் மனம் வேறெங்கோ இருக்கலாம். சக்கரம் உருளத் தொடங்கினால் வண்டி கிளம்பிவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆட்டோக்களுக்கு வேறு கணக்கு. ஷேர் ஆட்டோ எப்போது ஓரம் கட்டும் என்பதை அதன் இண்டிகேட்டர் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். நடைபாதையில் நிற்பவர்கள் முன்பே சொல்லிவிடுவார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையை எட்டிப் பார்ப்பவர், கையைப் பாதி தூக்கியவர், இறங்குவதற்காக ஆட்டோவுக்குள்ளேயே நகர்ந்து உட்காருபவர் ஆகியோரில் யாரைக் கண்டாலும் அந்த ஆட்டோ அடுத்த நொடி இடப்புறம் ஒதுங்கும் என்றே வைத்துக்கொண்டு இடைவெளி விடுங்கள். எதிர்த்திசையில், சாலை ஓரமாக ராங் சைடில் வரும் பைக்குகளும் இதே இடத்தில்தான் எதிர்ப்படும் என்பதால், இடது ஓரத்தை ஒட்டியே ஓட்டுவது நினைப்பதுபோலப் பாதுகாப்பானதல்ல.

இனி உடையையும் விளக்கையும் பார்ப்போம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒளிரும் நிற உடையோ ஒளியைத் திருப்பியனுப்பும் உடையோ அணிந்தவர்களுக்குக் காயம்படும் விபத்தின் ஆபத்து 37 விழுக்காடும், கறுப்பு ஹெல்மெட்டுக்குப் பதில் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 விழுக்காடும் குறைவாக இருந்ததைக் கண்டது. பகலிலும் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு 27 விழுக்காடு குறைவு. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிகிறது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பகலிலும் டிம்மில் போட்டுக்கொண்டு ஓட்டுவதால் இழப்பு ஏதுமில்லை.

ஒளிரும் நிறமும் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டையும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் பகலிலும் அந்தி நேரத்திலும் வேலை செய்யும், இரவில் அது வெறும் மஞ்சள் துணி. இரவுக்கு வேண்டியது, ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும் பட்டை. ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் இதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் அங்கே விற்கும் எல்லா ஸ்டிக்கரும் இந்த வேலையைச் செய்யாது. வாங்கியதை இருட்டில் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சை நெற்றியை ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். விளக்கு எரிவதைப் போலப் பட்டை வெளுத்து ஒளிர்ந்தால் அது சரியானது. டார்ச்சை இடுப்பளவுக்கு இறக்கியதும் அந்த ஒளி மங்குவதையும் காணலாம். ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் ஒன்று, பின் மட்கார்டில் ஒன்று, மழைக்கோட்டின் முதுகில் அகலமாக ஒன்று போதும். மழைக்கோட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன்: ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சம் மிகக் குறைந்திருக்கும் மாலை நேரத்தில்தான் நாம் கறுப்புக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, அதன் விளிம்பால் பின்விளக்கையும் மறைத்துவிடுகிறோம்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது இரண்டு நொடி இடைவெளி வேண்டும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் “இருபத்தொன்று, இருபத்திரண்டு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிக நெருங்கிவிட்டீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 17 மீட்டர் கழிந்துவிடும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு மேலும் 20 மீட்டராவது ஆகும். மொத்தத்தில் மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். இடைவெளி விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்பார்கள். நுழையட்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும், ஒவ்வொருவருக்காகவும் இரண்டு நொடி பின்வாங்கினால் நமக்கு ஆகும் தாமதம் இருபது நொடி.

பிரேக்கைப் பழகாமல் நம்ப முடியாது. ஞாயிறு காலையில் ஆளில்லாத நல்ல சாலையில், முதலில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. “முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறியும்” என்று சொல்லியே வளர்த்ததால் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்கி விழுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மணல் மேலும், மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகள் மேலும், மேம்பாலங்களின் இரும்பு இணைப்புகள் மேலும் மட்டும் பிரேக்கையும் சாய்வையும் தவிர்த்து நேராகத் தாண்டுங்கள்.

சிக்னலில் நின்ற பிறகும் முதல் கியரிலேயே கிளட்ச்சைப் பிடித்தபடி இருங்கள். பின்னால் ஒரு வண்டியாவது வந்து முழுவதுமாக நிற்கும் வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பிரேக் விளக்கை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு எரியச் செய்யுங்கள். முன்னால் நிற்கும் காருக்கு நேர் பின்னால் ஒட்டி நிற்காமல் சற்று ஓரமாக நின்றால், பின்னால் வருபவர் நிற்கவில்லை என்று தெரிந்தவுடன் நழுவிப்போக ஒரு வழி இருக்கும். லாரி நின்றால் அதன் மூக்குக்கு அடியில் போய் நிற்காதீர்கள். அதற்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தால், ஓட்டுநரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிகிற அளவுக்கு முன்னால் தள்ளி நின்று, கழுத்தைத் திருப்பி ஒரு முறை அவரைப் பாருங்கள்.