கணுக்கால் பிசகினால் மறுபடி எப்போது டென்னிஸ் கோர்ட்டில் இறங்கலாம்?

நம் நாகர்கோவிலில் (1937இல் அது திருவிதாங்கூர்) பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1962இல் அவருக்கு அங்கே 4வது சீடிங் (போட்டிக்கு முன் தரப்படும் தரவரிசை இடம்) கிடைத்தது, அதுதான் அவருடைய உச்சம். அந்த வருஷம் கணுக்காலில் அடிபட்டுப் போட்டியின் நடுவிலேயே விலக வேண்டியதாயிற்று. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தோமஸ் கோச்சைத் தோற்கடித்து இந்தியாவை முதல்முறையாக, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிக்குக் கொண்டுபோனதும் அதே கால்தான். கணுக்கால் பிசகினால் ஆட்டமே போச்சு என்று பயப்பட வேண்டாம், ஆனால் அவசரப்படவும் கூடாது.

முதல் வேலை, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது. நாலு எட்டுகூட வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில் தொட்டாலே உயிர் போகிறது, அல்லது சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளியோரத்தில் புடைத்திருக்கும் எலும்பில் வலி என்றால், மார்த்தாண்டமோ திருவனந்தபுரமோ எது பக்கமோ அங்கே போய் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தசைநார் இழுபட்டிருக்கும். ஐஸைத் துண்டில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை வையுங்கள் (வீட்டில் ஐஸ் இல்லையென்றால் மீன்கடையில் கேட்டால் கொடுப்பார்கள்). கிரேப் பேண்டேஜ் சுற்றி, இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள்.

இங்கேதான் நம் ஊரில் ஒரு சிக்கல். "ஒண்ணும் இல்ல டே, எண்ணெய் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிரும்" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வர்மம் தெரிந்த ஆசான்கள் இருக்கும் மண் இது, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் யார் அழுத்தித் தேய்த்தாலும் வீக்கம் கூடத்தான் செய்யும். தயவுசெய்து அப்போது கையை வைக்க விடாதீர்கள்.

வீக்கம் வடிய ஆரம்பித்ததும் சும்மா படுத்திருப்பதும் தப்பு. கால் கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள், கணுக்கால் எல்லாத் திசையிலும் அசைந்துவிடும். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, அதற்கப்புறம் ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பது, அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம். தசைநார் ஆறினாலும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மழுங்கியே இருக்கும். அதைப் பழக்கி எடுக்காவிட்டால் அதே கால் மறுபடி பிசகும்.

எத்தனை நாள் ஆகும்? லேசானது ஓரிரு வாரம், நடுத்தரம் என்றால் மூன்று முதல் ஆறு வாரம், முழுக்க அறுந்திருந்தால் மாதக்கணக்கு. ஆனால் நாளை எண்ணாமல் காலைக் கேளுங்கள். சுவிட்சர்லாந்து டென்னிஸ் வீரர் ஃபெடரர் 2016 பிப்ரவரியில் முழங்கால் அறுவை செய்து ஏப்ரலிலேயே ஆட வந்தார், விம்பிள்டன் அரையிறுதி வரை போனார், முழங்கால் ஒத்துழைக்காததால் அந்த வருஷத்தின் மிச்சத்தை முழுக்க விட்டார். சுமார் ஆறு மாதம் கழித்து வந்தவர் 35 வயதில் ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்தார். அவருக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது.

அடிபட்ட காலில் மட்டும் பத்துத் தடவை குதித்துப் பாருங்கள், மற்ற காலைப் போலவே வலியில்லாமல் வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். முதலில் நின்ற இடத்தில் அடிப்பது, பிறகு பக்கவாட்டில் ஓடுவது, குதித்து இறங்க வேண்டியிருப்பதால் சர்வீஸ் கடைசியில். முதல் சில மாதம் லேஸ் வைத்த கணுக்கால் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள், ஓடும் ஷூவில் ஆடாதீர்கள், அதன் அடி உயரம், பக்கவாட்டில் பிடிப்பு கிடையாது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, சிமெண்ட் கோர்ட்டின் ஓரங்களில் பாசி பிடித்துவிடும். பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்பக்கக் கோடு) பின்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகே இறங்குங்கள்.