புது எஸ்யூவியில் பிரேக் கீச்சிடுகிறதா? சர்வீஸுக்கு விடும் முன் இதைப் படியுங்கள்

வண்டி எடுத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, ஓடோமீட்டரில் 6,000 கூடத் தாண்டவில்லை. தினமும் காலையில் ஆபீஸ் போய்ச் சேரும் வரை ஒரு சத்தமும் இருக்காது, ஆனால் சாயங்காலம் டிராஃபிக்கில் உருட்டி உருட்டி வந்து அபார்ட்மென்ட் கேட்டுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், கீச்ச்ச் என்று தெருமுனை வரை கேட்கும். சர்வீஸ் சென்டரில் முதல் தடவை "பெரிய வண்டின்னா அப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்கள். இரண்டாவது தடவை, உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பேடைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்கள், பத்து நாள் அமைதி, அப்புறம் பழையபடி. மூன்றாவது தடவை சரியானது. அந்த முறை நான் போய்ச் சொன்ன விதம் வேறு. "பிரேக்ல சத்தம் வருது" என்று சொல்லாமல், எப்போது, எந்தச் சக்கரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று எழுதிக் கொண்டுபோனேன்.

முதலில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் கீங் என்று பாடுமே, அதே விஷயம்தான். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பேட் அதன் மேல் ஒரே சீராக உரசுவதில்லை. ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும். இது நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கும்போது பேட், அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து அதிர்ந்து காதில் கீச்சாக விழுகிறது. பெரிய எஸ்யூவியில் இது அதிகம் வருவதற்கு எடை ஒரு காரணம். 2,200 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால், அந்தச் சக்தி கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். 900 கிலோ சின்ன கார் என்றால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்தச் சூட்டைத் தாங்குவதற்காகக் கனமான வண்டிகளின் பேடில் பெரும்பாலும் உலோகத் தூளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள், அந்த வகை பேட் நன்றாகப் பிடிக்கும், சூட்டைத் தாங்கும், கூடவே கொஞ்சம் கத்தவும் செய்யும். அதனால் சத்தம் வந்தாலே பிரேக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதற்காக எல்லாச் சத்தத்தையும் "நார்மல்" என்று ஒப்புக்கொள்ளவும் கூடாது.

ஒரு வாரம் கவனியுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தில் முன் சக்கரமா பின் சக்கரமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். பிறகு திரும்பி வந்து அடுத்த பக்கத்தைப் பாருங்கள். பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். பிரேக் ஆறியிருக்கும்போதா சூடான பிறகா, லேசாகத் தொட்டாலா அழுத்தினாலா, ரிவர்ஸிலும் வருகிறதா, மழை அல்லது வாட்டர் வாஷுக்குப் பிறகு மட்டும் வருகிறதா, இதையெல்லாம் போனில் குறித்து வையுங்கள். சத்தம் வரும்போது ஒரு வீடியோவும் எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள்.

இந்தக் குறிப்பிலேயே பாதி விடை வந்துவிடும். ராத்திரி மழை பெய்து, காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் மட்டும் கரகரத்து நின்றுவிட்டால் அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தினசரி விஷயம், ஒன்றும் செய்ய வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் சிக்னலில் பிரேக்கை மெதுவாக விடும்போது அடித்தொண்டையில் உறுமுவது மாதிரி வந்தால் அதுவும் பேட் பாதி பிடித்தும் பாதி விட்டும் நகர்வதால் வருவது, காலை முழுசாக எடுத்துவிட்டால் நின்றுவிடும். பிரேக்கை மிதிக்காமல் ஓட்டும்போதே சொரசொரவென்று விடாமல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் சிக்கியிருக்கலாம். வேலை நடக்கும் ரோட்டில் போய் வந்த மறுநாள் இப்படி ஆவது சகஜம், எடுத்துவிட ஐந்து நிமிடம் போதும்.

பிரேக்கை மிதிக்காதபோது மெல்லிய கீச்சு வந்து, மிதித்தால் நின்றுபோகிறது என்றால் கொஞ்சம் உஷாராக வேண்டும். பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சியதும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்கென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். புது பேட் 10 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், ஏழு மாதத்தில் அது தீரக் கூடாது. தீர்ந்திருந்தால் காலிப்பர் எங்கோ சிக்கி, பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கலாம். இதை வீட்டிலேயே பார்க்கலாம்: அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். முன் இரண்டும் ஒரே மாதிரி, பின் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அதுதான் குற்றவாளி.

என் வண்டியின் கதை வேறு. பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வண்டி எடுத்த இரண்டாவது வாரமே ஏழு பேரோடு வால்பாறை போய்விட்டு வந்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலேயே (வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் டிரைவ் நிலை) வைத்து, பிரேக்கில் காலை வைத்தபடியே இறக்கினேன். இன்னும் டிஸ்க்கோடு ஒழுங்காகப் பொருந்தாத புது பேட் அந்தச் சூட்டில் மேலே இறுகிப்போய்விட்டது. மலையில் இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டு, இன்ஜின் வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒரு முறை நன்றாகப் பிடித்து முழுசாக விடுங்கள். இதை டெலிவரி அன்றைக்கே யாராவது சொல்லித் தந்தால் எத்தனையோ வண்டிகள் பிழைக்கும்.

பேட் லேசாகத்தான் பளபளத்திருக்கிறது என்றால் நீங்களே சரிசெய்து பார்க்கலாம். காலி ரோடு, பின்னால் வண்டி வராத நேரம், எல்லோரும் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, நிதானமாக ஆனால் உறுதியாக பிரேக் பிடித்துக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பிறகு அரை கிலோமீட்டராவது சும்மா ஓட்டி ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். எட்டுப் பத்து தடவை போதும். கடைசியில் பத்து நிமிடம் அதிகம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். சூடாக இருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி நிற்பதும், ஹேண்ட்பிரேக் போட்டு பார்க் செய்வதும் வேண்டாம், பேட் பொருள் ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் எஸ்யூவி வைத்திருப்பவர்களும் இதை அவ்வப்போது செய்வது நல்லது. அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் வேலையில்லாமல் கிடந்து டிஸ்க்கில் துரு ஏறும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. கதவுக் கீலுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே, எண்ணெய், கிரீஸ் எதையும் டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ படவிடாதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. சும்மா சொல்லவில்லை, உயிர் போகிற விஷயம். பிரேக் கிளீனர் என்றே தனியாக விற்கும் ஸ்பிரேயைத்தான் பயன்படுத்த வேண்டும். அதேபோல் மலையிறங்கிய கையோடு கொதிக்கும் டிஸ்க்கில் வாட்டர் வாஷ் அடிக்காதீர்கள், அரை மணி நேரமாவது ஆறட்டும்.

இதற்கெல்லாம் அடங்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டர். சத்தம் காலையில்தான் வரும் என்றால் முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் டெக்னீஷியனோடு நீங்களும் உட்கார்ந்து போய்க் கேட்க வைத்துவிடுங்கள். செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "பிரேக் செக்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "சூடான பிறகு, 20 கிலோமீட்டருக்குக் கீழே, லேசாகப் பிடித்தால் முன் இடது சக்கரத்தில் கீச் சத்தம்" என்று முழுசாக எழுத வையுங்கள். எல்லா பேடின் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். காலிப்பரை நகரவிடும் கம்பி (பின்) தடையில்லாமல் நகர்கிறதா, அதற்குரிய சிலிகோன் கிரீஸ் இருக்கிறதா, பேடுக்குப் பின்னால் ஷிம்மும் (அதிர்வைக் குறைக்கும் மெல்லிய தகடு) கிளிப்பும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். என் வண்டியில் ஒரு ஷிம் வளைந்து கிடந்ததை மூன்றாவது தடவைதான் கண்டுபிடித்தார்கள், பளபளத்த பேடோடு சேர்த்து அதையும் மாற்றிய பிறகுதான் அடங்கியது. புது வண்டியின் டிஸ்க்கை எடுத்த எடுப்பில் லேத்தில் கொடுத்துச் சீவ விடாதீர்கள், கோணல் இருக்கிறதா என்று டயல் கேஜ் என்ற நுட்பமான அளவுகருவியை வைத்து அளந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

"பேட் தேய்மானப் பொருள் சார், வாரண்டி வராது" என்பார்கள். தேய்ந்துபோன பேடுக்கு அது நியாயம். தேயாமல் கத்தும் பேடுக்கு அதே பதிலைச் சொல்ல முடியாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த மாடலில் சத்தத்துக்காக கம்பெனி மாற்று பேடோ சர்வீஸ் சுற்றறிக்கையோ விட்டிருக்கிறதா என்று கேளுங்கள், சில சமயம் நாம் கேட்டால்தான் தேடிப் பார்க்கிறார்கள். ஜாப் கார்டு நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஈமெயில், அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால், கருகிய வாசனை வந்தால், டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், அன்றைக்கு ஓட்டாதீர்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ரோட் சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்புங்கள்.