நெல்லை வீட்டு அடுக்களையில் காய்கறி பீட்சா

திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழியும்போது, வெள்ளைப் பாலை எடுத்துக்கொண்டு, கையில் பசைபோல ஒட்டி இழுபடும் சக்கையை ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சக்கையில் தவிட்டோடு தங்கியிருக்கும் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். அல்வாவுக்கு வேண்டாத அந்தப் பிசின்தான் பீட்சா மாவுக்கு உயிர். ஈஸ்ட் வெளிவிடும் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மாவை உப்பவைப்பது அதுவே. மாவைப் பிசைவதற்கு ஏன் 10 நிமிடம் செலவிட வேண்டும் என்பது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தானாக விளங்கும்.

10 அங்குல பீட்சா இரண்டுக்கு 300 கிராம் மைதா, 185 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். மைதா மட்டும் வேண்டாம் என்பவர்கள் அதில் கால் பங்கைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம்; அதற்கு மேல் போனால் தவிடு குளூட்டன் இழைகளை அறுத்து, மாவு உப்பாமல் சப்பாத்தியின் சாயலுக்கு வந்துவிடும். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும் என்று பல சமையல் குறிப்புகள் சொல்லும். ஆனால் சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் மதிய நேரம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியதே இல்லை. சில நாட்களில் அதில் பானைத் தண்ணீரைக் கலந்து சூட்டைத் தணிக்க வேண்டியிருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் இதமான சூடு தெரிய வேண்டும், அவ்வளவே. விரல் பொறுக்காத சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாவு அப்படியேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்துத் திரட்டியதும் மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அப்போது பயந்துபோய் மேலும் மாவைத் தூவுவதுதான் பலரும் செய்யும் தவறு. கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி 10 நிமிடம் பிசைந்தால் ஒட்டுவது நின்று, பரோட்டாக் கடை மாவைப் போல வழவழப்பாகும். எலுமிச்சை அளவு எடுத்து மெல்ல இழுத்துப் பார்க்கும்போது கிழியாமல் வெளிச்சம் தெரியும் சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். பிறகு எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூட வேண்டும். மாவு இரண்டு மடங்காக உப்புவதற்கு நம் ஊர்க் கோடையில் முக்கால் மணி நேரமே தாராளம். குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கத்து வீடுகளில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே கடிகாரத்தை நம்புவதைவிட மாவைப் பார்ப்பதே சரி. கோடையில் இட்லி மாவு எவ்வளவு விரைவில் பொங்கிப் புளித்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ருசி கூட வேண்டுமானால் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, முதல் நாள் இரவே பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன்.

மாவு நம் ஊர் வெயிலின் தயவில் எளிதாக அமைந்துவிடும். வீட்டு பீட்சாவைக் கெடுப்பது தண்ணீர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சாவைச் சுட்டுவிடுகிறது. நம் வீட்டு மின் அடுப்பான ஓடிஜியோ (OTG) பெரும்பாலும் 230 அல்லது 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் காயும் தக்காளியும் விடும் நீர் வற்றுவதற்கு முன்னால் மாவு அதைக் குடித்துவிடுகிறது. முதல் முறை நான் கத்தரிக்காயைப் பச்சையாகவே வெட்டிப் பரப்பிச் சுட்டேன். அதைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம்.

ஆகவே சாஸை நன்றாக வற்றவைக்க வேண்டும். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் மணமும் உண்டு, ஆனால் சாறும் விதையும் அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதைப்பற்று கூடுதல். இரண்டையும் பாதிப் பாதியாக 400 கிராம் எடுத்து, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்துவிட்டு, மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி காயவைத்து, நசுக்கிய பூண்டு நாலு பல்லும் அரைத் தேக்கரண்டி பொடித்த வற்றல் மிளகாயும் போட்டு, பூண்டு சிவப்பதற்கு முன் தக்காளியை ஊற்றி உப்பிட்டு, சிறு தீயில் 20 நிமிடம் கிளறி வற்றவிட வேண்டும். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்பதே பதம். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை கருப்பட்டி சேர்க்கலாம்; சிட்டிகையைத் தாண்டினால் பாயச வாசம் வந்துவிடும். ஓரிகானோ என்ற மண இலை கிடைக்காவிட்டால் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலையைப் பொடியாக அரிந்து கடைசியில் போடலாம். இரண்டு செடிகளிலும் கார்வக்ரால் என்ற ஒரே வாசனைப் பொருள் இருப்பதால் மணம் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வரும்.

காய்களைப் பொறுத்தவரை, பாவூர்சத்திரம் சந்தையில் கண்ணில் பட்டதையெல்லாம் பீட்சாவின் மேல் ஏற்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். சொதிக்கு நறுக்குவது போலப் பெரிய துண்டுகள் இங்கே ஆகாது. குடைமிளகாயை மெல்லிய கீற்றாக அரிந்து பச்சையாகவே வைக்கலாம். பல்லாரியைவிடச் சின்ன வெங்காயம் எனக்குப் பிடித்தது. இரண்டாக நறுக்கி எண்ணெயில் புரட்டினால் அடுப்பில் ஓரம் கருகி இனிக்கும். கத்தரிக்காயை மெல்லிய வட்டமாக அரிந்து, உப்புத் தூவி 20 நிமிடம் வைத்து, விட்ட நீரைத் துணியில் ஒற்றி எடுத்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். காளானையும் நீர் வற்றும் வரை வதக்கிக்கொள்ள வேண்டும். பீர்க்கு, புடலை, சுரை ஆகியவற்றை என்ன செய்தாலும் நீர் விடும். அவை கூட்டுக்கே இருக்கட்டும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை எண்ணெயில் பிசறி, சுடுவதன் கடைசி மூன்று நிமிடத்தில் தூவினால் மொறுமொறுவென்று இருக்கும். முன்னதாகப் போட்டால் கருகிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரு பீட்சாவுக்கு 120 கிராமைத் தாண்ட வேண்டாம்.

ஓடிஜியை மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, உச்சச் சூட்டில், உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து 20 நிமிடம் காயவிட வேண்டும். மாவை இரண்டாகப் பிரித்து, பூரிக்கட்டையால் தேய்க்காமல், விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி விரிக்க வேண்டும். கட்டையால் தேய்த்தால் அதுவரை சேர்ந்த காற்று முழுவதும் வெளியேறிவிடும். பேக்கிங் தாளில் (பார்ச்மென்ட் பேப்பர்) வைத்து, ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டு மூன்று மேசைக்கரண்டி சாஸ் தடவி, துருவிய மொசரெல்லா சீஸ் 100 கிராம் பரப்பி, அதன்மேல் காய்களை வைக்க வேண்டும். காய் சீஸுக்கு அடியில் இருந்தால் ஆவியில் வேகும், மேலே இருந்தால் சுடுபடும். தாளோடு சூடான தட்டின் மேல் நகர்த்தி, 10 முதல் 14 நிமிடம், அடிப்பக்கம் பொன்னிறமாகி சீஸில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழும் வரை சுட வேண்டும்.

ஓடிஜி இல்லாத வீட்டில் கனமான இரும்புக் கல்லே போதும். தோசைக்கல்லை இதற்கு எடுத்தால் மறுநாள் காலையில் தோசை ஒட்டிக்கொண்டு வீட்டில் பேச்சுக் கேட்க நேரும். சப்பாத்திக் கல்லை எடுப்பது நல்லது. இதற்கு அதே மாவை மூன்றாகப் பிரித்து, 8 அங்குலத்துக்கு மெலிதாக விரித்து, மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் சிவக்கவிட்டுத் திருப்பி, தீயைச் சிம்மில் வைத்து, சிவந்த பக்கத்தின் மேல் சாஸும் சீஸும் வதக்கிய காயும் பரப்பி மூட வேண்டும். சாஸ் கல்லில் சிந்தினால் அதன் புளிப்பு பழகிய கல்லின் எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும். ஐந்தாறு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். நடுவில் ஒரு முறை மூடியைத் தூக்கி உள்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு மூட மறக்கக்கூடாது.

இறக்கியவுடன் வெட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் கம்பி வலையின் மேல் வைத்தால் அடிப்பக்கத்து ஆவி போய் மொறுமொறுப்பு நிற்கும். மிஞ்சியதை மறுநாள் சூடாக்கவும் வெறும் கல்லே நல்லது. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.